ஜிப்காரரும் தெருவுக்கெல்லாம் ஒரே கோடும்

ஜிப்காரர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று வேலையில் மூழ்கிவிடுவார். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை. பெட்டி, தோள்பை, மழைச்சட்டை, எதுவானாலும் சரி, அதன் வாயைத் திறந்து மூட வைப்பது தொழில். ஜிப்பை இழுக்கும் ரன்னர் தேய்ந்திருந்தால் குறடால் ஓர் அழுத்து. பல் விழுந்திருந்தால் நாடாவையே பிரித்து மாற்றல். இந்தத் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் வாடிக்கையாளர் பல வருஷங்களுக்குத் திரும்பி வரமாட்டார். ஜிப்காரர் மிக ஒழுங்காகச் செய்பவர். ஆகவே கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனைவியின் தம்பி டைல்ஸ் கடை முதலாளி. ஞாயிறு தவறாமல் வந்து அதையே சொல்வார்.

"அத்தான், இந்தப் பொந்துல உக்காந்து என்ன பண்றீங்க? நம்ம குடோனுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். சாவிய வாங்கிக்கங்க."

அக்கா புருஷனாக அந்த வீட்டில் நாற்காலி போட்டு உபசரிக்கப்பட்டவர், அதே ஆள் முன்னால் கைகட்டி நின்று "முதலாளி, லோடு வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே ஜிப்காரருக்குக் கசந்தது. மனைவிக்குக் கசக்கவில்லை.

"அவன் சொல்றதுல என்ன தப்பு? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஆள் வரலன்னா பேசாம சாவிய வாங்கிக்கங்க."

அதனால்தான் ஜிப்காரர் விளம்பர உலகில் காலடி எடுத்து வைத்தார். தெருமுனையில் நோட்டீஸும் போர்டும் அடித்துத் தரும் டிசைன் கடை இருக்கிறது. அந்த டிசைனர் எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பவர்.

"க்யூஆர் கோடு போட்டுடலாம்ணே. ஸ்கேன் பண்ணா உங்க கடைக்குன்னு ஒரு பக்கம் போன்ல திறக்கும். கீழ ஒரு பெட்டி இருக்கும், என்ன வேணுமோ எழுதுவாங்க. நேரா உங்க போன்ல வந்து விழும்."

விழுந்தது. கடை வாசலில் கோடை ஒட்டிய மூன்றாம் நாளே போன் கிணுகிணுவென்றது. ஜிப்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'உங்க ஆளு என்னை ஸ்டியரிங்கையே தொட விடல. பக்கத்துல உக்காந்து தூங்குறாரு.'

அடுத்தது: 'அக்குள்ல ரொம்பப் பிடிக்குது. கைய தூக்க முடியல.'

அதற்கடுத்தது: 'மூணு மாசமா கணக்கு டியூஷன். பையனுக்கு வகுத்தல் வரல, உங்க சாருக்கும் வரலன்னு சொல்றான்.'

தன் தொழிலில் இத்தனை கிளைகள் இருப்பது அவருக்கே தெரியாது. பதில் போடாவிட்டால் ஒற்றை நட்சத்திரம் குத்திவிடுவார்கள் என்று டிசைனர் பயமுறுத்தியிருந்தார். அதனால் எல்லோருக்கும் மரியாதையாக, 'சிரமத்துக்கு வருந்துகிறோம், கவனிக்கிறோம்' என்று தட்டினார். ஒரு விரலால் தட்டுகிறவருக்கு அது பாதி மதிய வேலை.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, போனும் கையுமாகத் தெருவில் இறங்கினார். டிரைவிங் ஸ்கூல் போர்டில் இருந்த கறுப்புக் கட்டத்தை ஸ்கேன் செய்தார். அவருடைய ஜிப் படம் திறந்தது. தையல் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் செய்தார். ஜிப். டியூஷன் சென்டர் சுவர், ஜிப். பல் வைத்தியர் வாசல், அங்கேயும் ஜிப்தான்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று ஜிப்காரர் டிசைனரின் மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

டிசைனர் ஒரு கண்ணை மூடினார். "அது டிசைன்ணே. கோடு இல்லாட்டி போர்டு பழசா தெரியுது. எல்லாம் புள்ளி புள்ளியாத்தானே இருக்கு, யாரு எண்ணிப் பாக்கப் போறா? உங்களது பளிச்சுனு விழுந்திருந்துச்சு. அதையே எல்லாத்துக்கும் வச்சுட்டேன்."

"ஸ்கேன் பண்ணா என் கடையில்ல திறக்குது!"

"விளம்பரம்தானேண்ணே. இதுக்குத் தனியா நான் ஏதாவது கேட்டேனா?"

படத்தில் ஜிப் பல்லிளித்துக்கொண்டு நின்றும் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஏன் அங்கே புலம்பினார்கள் என்று கேட்கலாம். மேலே இருப்பதை யார் படிக்கிறார்கள்? கீழே பெட்டி இருக்கிறது, எழுது என்கிறது, எழுதிவிடுகிறார்கள்.

சரி, கடைக்காரர்களிடமே நியாயம் கேட்போம் என்று டிரைவிங் ஸ்கூல் ஏறினார். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கண்ணே! கோடு போட்டதுலேருந்து ஒரு பய வந்து கத்தலண்ணே. முன்னெல்லாம் வாசல்ல சண்டைதான்."

"எல்லாரும் என்கிட்ட கத்துறான்யா!"

"அப்படியா? என்ன சொல்லி அனுப்புறீங்க?"

"வருந்துறோம்னு."

"அருமை. அப்படியே வச்சுக்கங்க. எதுக்கு மாத்திக்கிட்டு?"

தையல்காரம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். "அந்த அக்குள் பொம்பளைக்கு எழுதுறப்ப, அவங்கதான் குண்டாயிட்டாங்கன்னு பக்குவமா சொல்லிடுங்கண்ணா."

இப்படியாகத் தெருவில் அமைதி நிலவியது. அமைதி இல்லாத ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழே. ஜிப் மாற்ற வந்த ஓரிருவரும், போனில் முகம் புதைத்துக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறோம் என்று போனார்கள்.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. மைத்துனரும் வந்தார், சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு. மனைவி கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"கடை நடத்தணும்னா என்னை மாதிரி நடத்தணும் அத்தான். ரெண்டு வாரம் முன்ன நானும் உங்க டிசைனர்கிட்டதான் நோட்டீஸ் அடிச்சேன், கோடு போட்டு. அதுலேருந்து ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது. ஒண்ணு கூட!"

ஜிப்காரர் கையிலிருந்த குறடு அப்படியே நின்றது. போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

மனைவி உரக்கப் படித்தார். "'பாத்ரூம் டைல்ஸ் ஊதிக்கிட்டு நிக்குது, காலு கிழியுது.' 'நீலம் கேட்டா பச்சைய அனுப்பிட்டு, வெளிச்சத்துல பாருன்னு சொல்றான் கடைக்காரன்.' 'இந்தக் கடை முதலாளி என் கையில மாட்டுனான்னா...' டேய், இது நீதானேடா?"

மைத்துனர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். கீழே தள்ளிக்கொண்டே போனார். அது முடியவில்லை.

"பதில் யாரு போட்டது?"

"நான்தான் மாப்ள. தினமும் மூணு மணி நேரம். யாரு கடைன்னு தெரியாமலே."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்ற மைத்துனர் குரல் இறங்கியிருந்தது. "இத அழிச்சிடலாம்ல?"

"கடைய மூடுனா பக்கமும் போயிடும். அப்புறம் எல்லாரும் நேரா உன் கடைக்குத்தான் வருவாங்க."

மைத்துனர் சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அக்கா, நானும் யோசிச்சுப் பாத்தேன். அத்தானுக்கு குடோன் தூசி ஒத்துக்காது. அவரு இங்கேயே இருக்கட்டும்."

"நாலு வாரமா யோசிக்காதது இப்பதான் யோசனைக்கு வந்துச்சாக்கும்," என்றார் அக்கா.

வாசல் தாண்டிய மைத்துனர் திரும்பி நின்றார். "அத்தான், அந்த பாத்ரூம்காரருக்கு மட்டும் கொஞ்சம் பதமா ஒரு வரி எழுதிடுங்க. ரொம்பக் கோவமா இருக்காரு போல."

ஜிப்காரர் எழுதத் தொடங்கினார். வருந்துகிறோம் என்ற சொல்லை அடித்தார், அழித்தார். அந்த இடத்தில் மைத்துனரின் செல் நம்பரை நிதானமாக, ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவி தலையை ஆட்டினார்.

"அத எடுக்க மாட்டான். அவன் வீட்டு போன் நம்பர போடுங்க."