கால்மாட்டில் பச்சை

கொடியைப் பற்றிய பாடத்தைச் சகாயசெல்வி புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவாள். ராட்டை இருந்த இடத்துக்கு அசோகச் சக்கரம் எப்படி வந்தது, தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் இருந்தும் ரூபாய் நாணயத்தில் ஏன் மூன்றுதான் தெரிகின்றன என்பதையெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். லடாக்கில் ராணுவ லாரி பள்ளத்தில் உருண்டு கணவன் ஆண்டனிராஜ் இறந்த பிறகும் நடத்தினாள். 'காவி தியாகத்தைக் குறிக்கும்' என்ற வரி வரும்போது மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழியில் இறக்குமுன், அதன் மேல் போர்த்தியிருந்த கொடியை வீரர்கள் எடுத்து மடித்தார்கள். கொடி மண்ணுக்குள் போகக்கூடாது என்பது விதி. அதிகாரி அதைக் கொண்டுவந்து செல்வியின் கைகளில் வைத்தார். சற்றுத் தள்ளிக் கூட்டத்துக்குள் நின்ற மாமியார் பிரிஸ்கில்லாவும் கை நீட்டியதை அவர் கவனிக்கவில்லை. செல்வி கவனித்தாள். கவனித்தும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து கொடி பீரோவுக்குள் இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்த ஆகஸ்டில் தெருவெங்கும் வீட்டுக்கு வீடு கொடி ஏறியது. ஒரு நாள் காலையில் செல்வி பள்ளிக்குக் கிளம்பும்போது பிரிஸ்கில்லா கேட்டாள்.

"எல்லா வீட்டுலயும் கட்டுறாக. நம்மகிட்ட இருக்கத எடுத்துக் கட்டுவமா?"

"அது மாடியில கட்டுற கொடி இல்லத்தே. அவரு மேல கெடந்தது."

"அவன் எனக்கும் மகன்தான்டி."

செல்வி கைப்பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினாள்.

மதியம் தலைமையாசிரியை அவளை அறைக்கு அழைத்து செல்போனைக் காட்டினார். செல்வியின் வீட்டு மொட்டை மாடி. கம்பியில் கட்டியிருந்தது பீரோவில் இருந்த அதே கொடி. பச்சை மேலே, காவி கீழே. கம்பியில் சிக்கி அதன் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. 'டீச்சர் வீட்டிலேயே தேசியக் கொடிக்கு அவமானம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிற குடும்பம் தெரியுமா என்று அதன் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்திருந்த பதில்களைச் செல்வியால் முழுவதும் படிக்க முடியவில்லை.

ஆட்டோ பிடித்து வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. கூடத்தில் பிரிஸ்கில்லா மடியில் கிழிந்த கொடியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே சப்-இன்ஸ்பெக்டர் மணிமாறன்.

"காவி மேல வரணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேம்மா. வேணும்னே கட்டுனீங்களா?"

"எம் மகன் பெட்டியில அப்படித்தான்யா கெடந்துச்சு. எம் பக்கம் மொதல்ல பச்சை, அதுக்கு அங்கிட்டுதான் காவி."

பெட்டியின் தலைமாட்டில்தான் காவி வரும். அன்று அங்கே நின்றது செல்வி.

"அத்தே, நீங்க எங்க நின்னீங்க?"

"கால்மாட்டுல. அம்புட்டுக் கூட்டத்துல அங்கதான எடம் கெடச்சுச்சு. பெட்டியவும் தெறக்கல. நான் கடைசியாப் பாத்தது அந்தப் பச்சையத்தான்."

மணிமாறன் சுவரில் சீருடையோடு இருந்த ஆண்டனிராஜின் படத்தைப் பார்த்தார். "கேஸெல்லாம் வேணாம் டீச்சர், நான் பேசிக்கிறேன். ஆனா அந்தப் போட்டோ எங்கெங்கயோ போயிருச்சு. அதை என்னால நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன கையோடு பள்ளியிலிருந்து போன் வந்தது. சுதந்திர தின விழாவுக்கு வரவேண்டாமாம்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் மேடம்?"

"தப்புன்னு யாரு சொன்னா? பேரன்ட்ஸ் பேசுறாங்க. கொஞ்ச நாள் போகட்டும் செல்வி."

கிழிந்த கொடியை மறுபடி பறக்கவிடக் கூடாது, தனியிடத்தில் மரியாதையோடு எரித்துவிடுவதுதான் வழக்கம் என்று சாயங்காலம் அவள் மாமியாரிடம் சொன்னாள். வகுப்பில் சொல்கிற அதே வார்த்தைகள்தான். பிரிஸ்கில்லா கொடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவனையே நம்ம எரிக்கல. இதைப் போயி எரிப்பியா?"

செல்வி கொடியை மெதுவாக வாங்கி விரித்து, காவி ஓரத்தை மாமியாரின் கையில் கொடுத்தாள். பச்சை ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டாள். மடிப்பதற்குள் பிரிஸ்கில்லா இரண்டு தடவை நின்று, அந்தக் காவித் துணியில் முகத்தை வைத்து அழுதாள். மடித்ததை அவளே தன் சேலைப் பெட்டிக்குள் வைத்தாள். செல்வி தடுக்கவில்லை.

பதினைந்தாம் தேதி தெருமுனைக் கொடியேற்றத்தின் ஒலிபெருக்கி வீடுவரை கேட்டது. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். யார் படம் எடுத்தார்கள் என்று செல்விக்கு இன்னும் தெரியாது. எதிர்வரிசை மாடிகளில் ஏதோ ஒன்றிலிருந்துதான் எடுத்திருக்க முடியும். அந்த வரிசையில்தான் அவள் தினமும் பால் வாங்குகிற வீடும் இருக்கிறது.