கறுத்த பொருக்கு

சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடத்தில் எத்தனையோ பேர் வந்து எங்களை எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டில் எத்தனை பேர், செத்தது யார், காணாமல் போனது யார், தடுப்பில் இருந்து வந்தது யார். எழுதினவர்கள் எழுதினதோடு சரி. ஆகவே ஒருநாள், ஆட்களைக் கொண்டு போகிற வான்களைப் போலவே வெள்ளை வான் ஒன்று வந்து நின்று, உண்ணி பிடிக்க வந்திருக்கிறோம் என்று இறங்கினவர்கள் சொன்னபோது அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்கு ஒன்பது வயது.

எங்கள் காணி நெடுங்கேணிக்கு உள்ளே, காட்டோரம். தகரக் கொட்டில் ஒன்று, நாலு ஆடு, அம்மா, நான், மாமா. அப்பா இல்லை. மாமா அம்மாவின் தம்பி. தடுப்பு முகாமில் இருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை ஆமிக் காம்புக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அவருடைய முதுகில் வட்ட வட்டமாகத் தழும்புகள். சிகரெட்டால் சுட்டவை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை. நான் ஒருமுறை கேட்டு, அம்மா பார்த்த பார்வையில் அடங்கிப் போனேன்.

வந்த நாளில் இருந்து மாமா சும்மா இருக்கவில்லை. காணி முழுக்கப் பற்றை, ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. காலை போனால் பொழுது சாய்கிற வரைக்கும் வெட்டுவார். பாதிக் காணி வெளியான நேரம் விழுந்தார். காய்ச்சல் என்றால் அப்படி ஒரு காய்ச்சல். தலையிடி. கண் இரண்டும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க ஏலாது. ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று சொல்லிப் பனடோல் கொடுத்தார்கள். டொக்டர் சேட்டைக் கழற்றச் சொல்ல, குளிருது என்று சொல்லி மாமா கழற்றவில்லை. இல்லை, இல்லை என்ற இரண்டு சொல்லோடு வீட்டுக்கு வந்து படுத்தார்.

ஈரத் துணியால் துடைக்கும்போது நான்தான் முதலில் கண்டேன். இடது கையைத் தூக்கித் துடைக்க, கமக்கட்டுக்குள் ஒரு பொருக்கு. கறுப்பு. சுற்றிவரச் சிவப்பு. தொட்டேன். நோகவில்லை என்றார். முதுகில் இருந்தவை ஆறி வெளுத்தவை. இது புதிது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்த அம்மா மாமாவின் மற்றக் கையையும் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப நடந்தது?" என்று கேட்டார்.

"என்ன எப்ப? எனக்குத் தெரியாது அக்கா."

அம்மா நம்பவில்லை. மாமா கடைசியாகக் கையெழுத்து வைக்கப் போன நாளை விரல் விட்டுப் பார்த்தார். காய்ச்சல் தொடங்கியதற்குப் பத்து நாள் முந்தி. அதோடு கேள்வியை விட்டுவிட்டார். என் கையைப் பிடித்து, வெளியில் மூச்சு விடக்கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் காட்டினால் யார் சுட்டது என்று கேட்பார்கள். எழுதுவார்கள். எழுதினது போகிற இடத்துக்குப் போய்ச் சேரும். பிறகு வந்து மாமாவைத் திரும்பக் கொண்டு போவார்கள். அம்மாவின் எண்ணம் அது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பொருக்கு என்றால் மருந்து போடுவதுதானே, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

காய்ச்சல் தொடங்கி எட்டாம் நாள் அந்த வான் வந்தது.

மூன்று பேர். மற்ற இருவரும் சேர் என்று கூப்பிட்ட ஒருவர், கம்பஸில் படிக்கிற ஒரு அக்கா, சிங்களச் சாரதி ஒருவர். வெள்ளைச் சீலையைத் தடியில் கட்டிப் புல்லுக்கு மேலால் இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்சத் தூரம் போனதும் சீலையைப் புரட்டி, ஒட்டியிருப்பதைச் சின்னச் சாவணத்தால் கிள்ளி எடுத்துப் போத்தலில் போட்டார்கள். கூடு வைத்து எலி பிடித்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, சின்னச் சீப்பால் எலியின் காதடியைச் சீவினார்கள். ஓடிப்போய் மாமாவுக்குச் சொன்னேன். அந்தக் காய்ச்சலிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எலிக்குத் தலை இழுத்து விடினமோ? அப்பிடியே எனக்கும் ஒருக்கா இழுத்து விடச் சொல்லு."

அந்த அக்கா எனக்கும் ஒரு போத்தல் தந்தார். உள்ளே ஸ்பிரிட். ஆடுகளின் காதில் இருந்து உண்ணி பிடுங்கிப் போடச் சொன்னார். தலை முறியக்கூடாது, நசியக்கூடாது. நான் பிடுங்கினது எல்லாம் முழுசாக வந்தது. நல்ல கை என்றார். உண்ணிக்குள் அதைவிடச் சின்ன உயிர்கள் இருக்கும், பற்றீரியா என்று பெயர், கடிக்கும்போது ஆளுக்குள் போகும், தாங்கள் தேடுவது அதைத்தான் என்று விளங்கப்படுத்தினார். உண்ணிக்கும் அதனால் வருத்தம் வருமா என்று கேட்டேன். அனேகமாக வராது, அது தன்பாட்டில் இருக்கும், படுப்பது நாங்கள்தான் என்றார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த உண்ணியை நசித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சேர் கடுதாசியோடு வீடு வீடாக வந்தார். மாமா உள்ளே கிடந்தார். அம்மா வாசலை மறைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று சேர் கேட்டார். இல்லை என்றார் அம்மா. சேர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"உடம்பில எங்கயாவது வட்டமா ஒரு கறுத்த பொருக்கு? சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும்."

சேர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுடைய புத்தகங்களில் அந்த அடையாளத்தை அப்படித்தான் எழுதியிருப்பார்களாம். ஆனால் எந்த ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்கிறேன் என்று ஒருதரம் யோசித்திருக்கலாம். எலியின் காதுக்குள் பார்க்கத் தெரிந்தவருக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை வருடம் போயும் எனக்கு அது ஆறவில்லை.

"எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை," என்றார் அம்மா.

சேர் இல்லை என்று எழுதினார். படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

உள்ளே மாமா என்னவோ பிதற்றினார். என்னை வேறு யாருடையதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குப் பயம் பிடித்தது. உண்ணிப் போத்தலைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஒழுங்கையால் ஓடினேன். வானடியில் அந்த அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அம்மா சொன்னது பொய். என்ர மாமாக்குக் கிடக்கு. கமக்கட்டுக்குள்ள."

அவர் போத்தலை வாங்கவில்லை. சேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் வந்தார்கள். அம்மா தடுக்கத் தடுக்க சேர் உள்ளே போய் மாமாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. இது சூட்டுக் காயம் இல்லை, பற்றைக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடம், உடனே வவுனியாவுக்குக் கொண்டு போக வேண்டும், குளிசை கொடுத்தால் சுகம் வரும், விட்டால் ஆள் தப்பாது என்றார்.

அம்மா வாசலை விட்டு விலகவில்லை.

"கொண்டு போறவை எல்லாரும் உப்பிடித்தான் சொல்லிறவை."

சாரதி தன்பாட்டில் எலிக்கூடுகளை ஒரு பக்கம் அடுக்கி இடம் எடுத்தார். யாரோடோ போனில் சிங்களத்தில் கதைத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மாமா எழும்பி, கொட்டிலின் கப்புத் தடியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"விடு அக்கா. இந்தமுறை நானா ஏறிறன்."

இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். அவரைக் கிடத்தினதோடு வான் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் பின்னால் வரச் சொன்னார் சேர். அம்மா அடுப்பில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து வானின் இலக்கத்தைத் தகரத்தில் எழுதினார். எழுதி முடிய வான் போய்விட்டது.

பிறகு வேலியில் கிளிசரியாத் தடி ஒன்றை முறித்தார்.

"ஆரடி உன்னைக் கேட்டது? என்ர தம்பியைத் தூக்கிக் குடுத்திட்டியேடி."

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தடி முறிந்ததும் கையால் அடித்தார். நான் அழவில்லை. அழுதால் பிழை செய்தவள் என்று ஆகிவிடும். நான் பிழை செய்யவில்லை.

அந்தக் கையாலேயே என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டுக்குள் பார்க்கிற நேரம் மட்டும்தான் விட்டார்கள். மாமா கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு கிடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள். அம்மா போர்வையை விலக்கக் கை வைத்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் போனோம். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா தேத்தண்ணி கேட்டார்.

நீ சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்று அம்மா ஒரு சொல் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் அதே வானில் மாமாவைக் கொண்டு வந்து இறக்கினார்கள். மெலிந்து, வலது காது கொஞ்சம் மந்தமாகி இருந்தார். ஒரு காதை உண்ணி கொண்டு போய்விட்டது, தன் அக்கா ஏசுவதைக் கேட்கிற காதை விட்டுவிட்டுப் போய்விட்டதே என்று சாரதிக்குச் சைகையால் சொல்லிக் காட்டினார். சாரதி விளங்கியதுபோலச் சிரித்தார். சேர் அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னார். இதே விளக்கத்தைக் கேள்விக்கு முந்திச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. எங்கள் புல்லில், எங்கள் எலியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. பற்றை வெட்டப் போகிறவர்கள் இன்றைக்கும் எங்கள் ஊரில் வெறும் மேலோடுதான் போகிறார்கள். நான் காண்கிற இடத்தில் ஏசுகிறேன். கேட்பவர்கள் குறைவு.

வான் மறைந்ததும் அம்மா மாமாவைக் கொட்டிலுக்குப் பின்னால் நல்ல வெயிலில் இருத்தினார். சேட்டைக் கழற்றினார். மாமா கையைத் தூக்கிக் கொடுத்தார். அம்மா முதுகில் இருந்த தழும்புகளை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணினார். பிறகு நெஞ்சு, கைகள், உள்ளங்கால். முடிந்ததும் முதலில் இருந்து திரும்ப எண்ணினார். புதிதாக ஒன்றும் இல்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

உண்ணி தேடுகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். என்னை அடித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு இப்போது தேடுகிறார். எழும்ப ஏலாமல் அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.