கொலுசு இறுகிய பாதம்: திருத்தணியில் ஒரு செவ்வாய்

மகனுக்கு வேலை நிரந்தரமானால் திருத்தணியில் நெய்விளக்கு ஏற்றுவதாக வேண்டியிருந்தேன். தை பிறந்ததும் ஆனது. சென்ட்ரலில் காலை ஆறரைக்கு ரயில் ஏறி, ஒன்பது மணிக்கு இறங்கினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்க்குள்தான்.

மலைக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது. எதிரே பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு பெண், மாமியாரோடு. அவள் மடியில் மகள் வள்ளி, பதினோரு மாதம். என் வளையலை ஆட்டிக் காட்டினேன். கை நீட்டவில்லை, அழவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"தோஷம்னாங்கக்கா. கயிறு கட்ட வந்துகினு கீறோம்."

"என்ன சாப்பிடறா?"

"இன்னும் சோறு ஊட்டல. மொட்டை போட்டு, மாமன் மடியில வெச்சு, மலையிலதான் மொதல் சோறு. எங்க வழக்கம். அண்ணன் துபாயில கீறாரு, லீவு கெடைக்கல."

மூன்றாம் மாதமே விசைத்தறிக்குப் போய்விட்டாளாம், தாய்ப்பால் வற்றிவிட்டது. பிறகு புட்டியில் பாக்கெட் பால்.

"ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. கெட்டியா குடுத்தா செரிக்காது" என்றார் மாமியார். அப்படியும் அடிக்கடி வயிற்றுப்போக்கு.

"கை குச்சியா இருக்கேம்மா?"

"காலைப் பாரு யம்மா! போன மாசம் லூசா இருந்த கொலுசு, இப்ப இறுக்கி புடிக்குது. சதை போட்டுகினு வரா" என்றார் மாமியார்.

பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. மறு பாதத்திலும். சதையென்றால் உடனே எழும்பும், இது நீர். சத்துக்குறைவு முற்றினால் இப்படி வீங்கும் என்று அங்கன்வாடிச் சுவரில் படித்திருக்கிறேன்.

"அண்ணா, வண்டியைத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கு."

மாமியாருக்குக் கோபம். "நெத்தி நெறைய துன்னூறு வெச்சிகினு, சாமிகிட்ட போறவள திருப்புறியே! சாமி குத்தம் ஆயிடாது?"

"மாமன் வர்ற வரைக்கும் பட்டினி போடுன்னு முருகன் சொன்னாராம்மா? குத்தம்னா என் தலையில வரட்டும். செவ்வாய்க்குச் செவ்வாய் விரதம் இருக்கறவ நான், அவர்கிட்ட பேசிக்கறேன்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாம்மா, யார் பேச்ச கேக்கறது?"

"என் பேச்ச கேளுங்கண்ணா. திருப்புங்க" என்றாள் வள்ளியின் அம்மா.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், புஜத்தை டேப்பால் அளந்தார்கள், உடனே சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர்ப் பால், திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்துக்கு மேலும் சோறில்லாதது, மூன்றும் சேர்ந்து பிள்ளையை உருக்கிவிட்டன என்றார் டாக்டர்.

மொட்டைக்குப் பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறும் பருப்பும் வீட்டிலேயே ஆரம்பியுங்கள், தாய்ப்பாலையும் விடாதீர்கள். மாமன் மடிச்சோறு பிறகும் ஊட்டலாம். பாதம் வீங்கினால் நீங்களே ஊட்டித் தேற்றப் பார்க்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. கிருத்திகையன்று மலையில் நிற்கவே இடமிருக்காது, அதையும் தவிர்க்கலாம்.

விளக்கேற்றிவிட்டு, ரயிலுக்கு முன் வார்டுக்குப் போனேன். நர்ஸ் சொன்ன அளவில் மருந்துப் பாலைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. ஒரு வாய் விழுங்கியதும் வள்ளி அடுத்ததற்குக் கரண்டியைப் பிடித்து இழுத்தாள். மாமியார் போனில் துபாயோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நீ லீவு கெடைக்கறப்ப வா நைனா. புள்ள உனக்காக காத்துகினு இருக்கமாட்டா."