சாய்வு என்ற சொல்லும் அலிடாவின் பயமும்

எங்கள் கால்வாய்க்கு எதிர்க்கரையில், எங்கள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, கெர்லோஃப் ஹுக்ஸ்ட்ரா குடியிருந்தார். தினம் ஆம்ஸ்டர்டாமில் ரயிலேறி லைடனுக்குப் போய் அகராதி எழுதுகிறவர். முதல் உலகப் போர் முடிந்த பிறகு அவர் கைக்கு வந்த சொல் ‘ஸ்கோய்ன்’. எங்கள் டச்சு மொழியில் சாய்வு என்று அர்த்தம்.

அந்தச் சொல் மனுஷனைப் பிடித்து ஆட்டியது. அதே சாயலுள்ள ‘ஸ்கேஃப்’ என்ற சொல்லுக்கு ஜெர்மனியிலும் வடக்கத்திப் பழைய மொழிகளிலும் உறவுக்காரர்கள் உண்டு. ‘ஸ்கோய்ன்’ எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் அதன் வாலில் ஓர் ‘எ’ ஒட்டிக்கொள்ளும், வினையோடு வந்தால் ஒட்டாது. இதையெல்லாம் ரொட்டிக் கடை வரிசையில் நம்மை நிறுத்திவைத்துச் சொல்வார். ஸ்கேஃப் என்றால் கெட்டுப்போன கோணல், ஸ்கோய்ன் வெறும் சாய்வு, அதில் குற்றமில்லை என்பது அவர் கட்சி.

அவர் மனைவி அலிடாவுக்கு வீட்டை நினைத்துப் பயம். சமையலறைக் கதவு மூடுவதில்லை, மேசையில் வைத்த முட்டை தானாக உருண்டு விழுகிறது. அடியில் சேற்றில் நிற்கும் மரத்தூண்கள் மக்கிவிட்டனவா என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். எங்கள் ஊரில் வீட்டின் முகப்பைச் சற்று முன்னால் சாய்த்தே கட்டுவார்கள். கயிற்றில் ஏற்றும் சாமான் ஜன்னலில் இடிக்காது. கெர்லோஃப் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காபிக்குப் போயிருந்தபோதும் அதே பேச்சு.

“இது கட்டினவன் வச்ச சாய்வு அலிடா. ஸ்கோய்ன். ஸ்கேஃப் இல்ல.”

“முன்னால சாஞ்சா சரி. பக்கவாட்டுலயும்ல சாயுது,” என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வசந்தத்தில் பெரிய புத்தக அலமாரி ஒன்று வாங்கினார். குறுகலான படியில் அது ஏறாது. வழக்கம்போல உச்சி உத்திரத்துக் கொக்கியில் கயிறு மாட்டி, அவரும் இரண்டு ஆட்களும் தெருவிலிருந்து இழுத்தார்கள். அதை உள்ளே வாங்க அலிடா மேல்மாடி ஜன்னலில் கை நீட்டி நின்றாள். அலமாரி அவளை எட்டவில்லை. உத்திரம் பிடுங்கிக்கொண்டது, கூடவே மேல்முகப்பும் பெயர்ந்து அவளோடு தெருவில் விழுந்தது.

நகராட்சி ஆட்கள் தரையைத் தோண்டினார்கள். ஒரு பக்கத் தூண்கள் முழுக்கக் கூழாகிக் கிடந்தன, சுவர் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோருக்கும் காபி ஊற்றினார்கள். கெர்லோஃப் ஆறிப்போன கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அவ பயமா இருக்குன்னு சொன்னா. நான் அவளுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டிருந்தேன்.”