ஹோட்டலில் நின்றால் பஸ் இலவசம்

மகளின் கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். லண்டனில் பஸ் ஓட்டுவது என் தொழில். ஹவுன்ஸ்லோவில் ஒரு ஹோட்டலின் வாசலோடு எங்கள் பஸ்ஸுக்கு ஒரு தரிப்பு இருக்கிறது. அன்றைக்குச் சரியான மழை. அந்தத் தரிப்பில் வயதான ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் ஏறினார்கள். கிழவர் ஹோட்டல் அறைக் கதவைத் திறக்கிற கார்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஹோட்டல் கெஸ்ட்" என்று சொல்லிச் சிரித்தார். பேச்சிலேயே தெரிந்தது, ஜேர்மன்காரர்.

அவர் என்ன நினைத்துக் காட்டினார் என்பது அந்தப் பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜேர்மனியில் சில ஊர்களில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் கார்டு ஒன்று கொடுப்பார்கள். பெயர், வந்த நாள், போகிற நாள் எல்லாம் எழுதியிருக்கும். அதைக் காட்டினால் அந்த வட்டாரத்தில் பஸ், ட்ராம், ரயில் எல்லாம் இலவசம். பாவம், உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மனுஷன் வந்திருக்கிறார்.

உங்கள் வங்கிக் கார்டை இந்த மெஷினில் தொட்டால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லுகிற வார்த்தைதான். நான் சொல்லவில்லை. இது செல்லாது, இறங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். கிழவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் கார்டைக் காட்டினார். நான் என்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பின்னால் இருந்த சனம் அவர்களைப் பார்த்து முணுமுணுக்கத் தொடங்கியது. கடைசியில் கிழவி அவரின் கையைப் பிடித்து மழைக்குள் இறக்கிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தியபோது என் மனம் கொஞ்சம் ஆறியது. வெட்கக்கேடுதான், ஆனாலும் ஆறியது.

அந்தக் கார்டில் எனக்கு என்ன கோபம் என்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முதல், அத்தானின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நானும் மனைவியும் ஜேர்மனி போனோம். அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா எனக்கு ஒரே ஒரு கூடப்பிறப்பு. தெற்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறாள். ஏதோ ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. எந்த ஹோட்டல் என்று நான் கேட்டதில்லை. நாங்கள் இருக்கிற ரெய்னர்ஸ் லேனில் எங்கள் ஆட்கள் விசாரித்தால் "அக்கா ஹோட்டல் மனேஜ்மென்டிலை இருக்கிறா" என்று சொல்லிவிடுவேன். துடைப்பக்கட்டையை மனேஜ்மென்ட் ஆக்கியது நான்தான். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் சனத்துக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூடப்பிறந்தவரின் வீடு இருக்கிற ஊரில் ஹோட்டலில் நிற்கக் கூடாது. பத்துப் பேர் வரிசையாக நிலத்தில் படுத்தாலும் அங்கேதான் படுக்க வேண்டும். ஹோட்டலில் நின்றால் அது வீட்டுக்காரரின் முகத்தில் கரி பூசுகிற வேலை. இது எனக்குத் தெரியாததல்ல. அக்காவின் வீடு சின்னது, குளியலறை ஒன்று, அதன் கதவும் சரியாகச் சாத்தாது. மனைவிக்கு விருப்பமில்லை என்று பழியை அவள் தலையில் போடலாம். பல பேருக்கு அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். உண்மையில் விருப்பமில்லாதவன் நான். அக்காவின் இல்லாமை என் உடுப்பில் ஒட்டிவிடும் போல எனக்கு ஒரு அருவருப்பு இருந்தது.

ஆனால் வெளியே சொல்ல ஒரு சாட்டு வேண்டுமே. இணையத்தில் தேடிக்கொண்டு போனபோது அந்த ஊரில் ஹோட்டலில் நின்றால் பஸ் இலவசம் என்று கண்டேன். பஸ்காரனுக்கு இதைவிட நல்ல சாட்டு எங்கே கிடைக்கும்? உடனேயே அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, அங்கை ஹோட்டலிலை நிண்டால் பஸ் டிக்கெட் ஃப்ரீயாம். நாலு நாளும் சும்மா சுத்தலாம். அதாலை ஹோட்டல் புக் பண்ணிப்போட்டன்."

"உங்களுக்கெண்டு புது மெத்தை வாங்கினனான், தம்பி" என்றாள் அக்கா.

"அதிலை அத்தான் படுக்கட்டும். அவருக்கும் முதுகு, நாரியெல்லாம் நோவெல்லோ."

"எந்த ஹோட்டல்?"

பெயரைச் சொன்னேன்.

"ம். நல்ல ஹோட்டல்தான்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பினேன் என்று போனை வைத்தேன்.

நாலு நாளும் ராசா மாதிரித் திரிந்தேன். பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்கு அந்தக் கார்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை காட்டுவேன். அக்காவின் வீட்டுக்கும் அந்த இலவசப் பஸ்ஸிலேயே போய், கணவாய்க் கறியும் புட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டு, அதே பஸ்ஸிலேயே திரும்பினோம். பிறந்தநாளுக்கு வந்திருந்த ஆட்களின் முன்னால் கார்டை வெளியே எடுத்து, "லண்டனிலை ஹோட்டல்காரன் சிரிப்பைக்கூடச் சும்மா தரமாட்டான்" என்று பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா லீவு எடுத்து அந்த நாட்கள் முழுக்க அடுப்படியில் நின்றாள். யாரோ ஒரு மனிசி அவளிடம், "தம்பி ஏன் உங்கட வீட்டிலை நிக்கேல்லை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "அவனுக்கு பஸ் டிக்கெட் ஃப்ரீ" என்று அக்கா என் சாட்டையே எடுத்துச் சொன்னாள்.

கடைசி நாள் பின்னேரம் அக்கா போன் எடுத்து, ஹோட்டலுக்கு முன்னால் பஸ் தரிப்பில் நிற்கிறேன், கீழே வா என்றாள். போனேன். கையில் பெரிய நீல பிஸ்கட் டின். திறந்து காட்டினாள், நிறையப் பயத்தம் உருண்டை. பயறு வறுத்து, இடித்து, தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் விட்டுப் பிடித்தது. சின்ன வயதில் நான் களவெடுத்துத் தின்று அடி வாங்கிய சாமான். "உள்ளை வாங்கோவன் அக்கா, ஒரு ரீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். ஹோட்டல் வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி, நேரமில்லை" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை பெட்டி கட்டினோம். மலிவு விமானம், ஆளுக்கு ஒரு சின்னப் பைதான். கடையில் வாங்கிய சொக்லேட் ஒரு பக்கம், டின் ஒரு பக்கம். இரண்டில் ஒன்றுதான் போகும்.

"இஞ்சாருங்கோ, மச்சாள் பாவம். கொஞ்சமாவது கையிலை கொண்டு போவம்" என்றாள் மனைவி.

"ஆர் தின்னுறது? டயபிற்றீஸை நாங்களே தேடிப் போறதே?" என்று சொல்லி டின்னைத் தூக்கிக் குளியலறைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தேன். உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உடைந்தன. டின் பார்க்க வடிவாக இருந்தது. அதை மேசையில் வைத்து, எங்கள் இரண்டு விருந்தினர் கார்டையும் அதற்குமேல் போட்டேன். "கிளீன் பண்ண வாறவளுக்கு உதவும். ஊசி நூல் போட்டு வைக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

அதன் பிறகு அக்கா போன் எடுப்பது குறைந்தது. பலகாரம் எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. நானாகவே, "சோக்கா இருந்தது அக்கா, ஒரு கிழமையிலை முடிஞ்சுது" என்று சொல்லி வைத்தேன். "ஓம், தெரியும்" என்றாள்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் சொந்தம் என்று சொல்ல அக்கா ஒருத்திதான். தகப்பனோடு கூடப்பிறந்த மாமியே கல்யாண வீட்டில் இல்லாவிட்டால் சனம் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? மாப்பிள்ளை பகுதி வேறு இருநூறு கேள்வி கேட்கும். மேல்மாடி அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டேன். அது அக்காமேல் உள்ள அன்பில் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரைவாசி அன்பு, அரைவாசி ஊர்ப் பயம்.

"கட்டாயம் வாறன்" என்றாள் அக்கா. "அத்தானுக்கு லீவு இல்லை, நான் வாறன். ஹவுன்ஸ்லோவிலை ஹோட்டல் புக் பண்ணிப்போட்டன்."

"உங்களுக்கென்ன விசரோ? தம்பியின்ர வீடு இருக்க ஹோட்டலிலை நிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"ஏன் தம்பி, அங்கையும் பஸ் டிக்கெட் ஃப்ரீயோ?"

"இல்லை அக்கா. லண்டனிலை அப்பிடி ஒண்டுமில்லை."

"பரவாயில்லை" என்றாள். "நான் எடுத்துக்கொள்ளுறன்."

கெஞ்சினேன். மனைவியை விட்டுக் கெஞ்ச வைத்தேன். மகளும் பேசினாள். "மாமி, ப்ளீஸ், இட்ஸ் மை வெட்டிங்" என்று அழாத குறை. மகளோடு மட்டும் அன்பாகக் கதைத்தாள், ஆனால் அசையவில்லை. விமான நிலையத்துக்குக் கார் கொண்டு போகிறேன் என்றேன், விமானம் எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

கல்யாணத்தன்று ஹரோவில் மண்டபம். அக்கா ரயிலும் பஸ்ஸுமாக ஏறி இறங்கி, சேலையோடு சரியான நேரத்துக்கு வந்தாள். வாசலில் நின்று மற்ற ஆட்களைப்போலப் பன்னீர் தெளிக்க விட்டாள், சந்தனம் தொட்டாள், பதினோராவது மேசையில் போய் இருந்தாள். முன்னுக்கு வாங்கோ அக்கா என்று கையைப் பிடித்தேன். "விருந்தாளி இருக்கிற இடத்திலை இருக்கிறன், விடு" என்று மெல்லச் சிரித்தபடி சொன்னாள். ஆரத்திக்குக் கூப்பிட்டபோது எழும்பி வந்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, குறையில்லாமல் எடுத்துவிட்டுத் திரும்பவும் பதினோராவது மேசைக்கே போனாள். சம்பந்தி என் காதுக்குள், "அக்கா எங்கை நிக்கிறா?" என்று கேட்டார். நான் பிரியாணி எப்படி என்று கேட்டுக் கதையை மாற்றினேன்.

போகும்போது பரிசுத்தாள் சுற்றிய ஒரு பொதியை என் கையில் தந்தாள். "வீட்டை போய்த் திற."

பின்னேரம் வீடு நிறையச் சனம். மனைவி பொதியின் வடிவத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில், "மச்சாள் பலகாரம் கொண்டந்திருக்கிறா, எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிட்டாள். நான் தாளைக் கிழித்தேன். நீல பிஸ்கட் டின். திறந்தேன். உள்ளே கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. அடியில் இரண்டு விருந்தினர் கார்டுகள், ஒன்றில் என் பெயர், மற்றதில் மனைவியின் பெயர். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. அவள் டின்னை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும், எந்த ஹோட்டல், எந்த அறை என்று மகளிடம் கேட்டுக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்கு ஓடினேன். நான் நாளுக்குப் பல தடவை பஸ் நிறுத்துகிற அதே ஹோட்டல். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா புறப்படத் தயாராகிவிட்டாள். கட்டில் விரிப்பைக் கழற்றி மடித்து, துவாய்களைச் சேர்த்துக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கோ அக்கா. அதுக்கு ஆக்கள் இருக்கினம்."

"ஓம், இருக்கினம்" என்றாள். கையை நிறுத்தவில்லை.

நான் டின் என்று தொடங்கினேன். அவளே சொன்னாள். "இரண்டாம் மாடி, கடைசி அறை. நீங்கள் போய் அரை மணித்தியாலத்திலை நான் உள்ளை வந்தனான். லீவு முடிஞ்சு அண்டைக்குத்தான் வேலை தொடங்கினனான்."

"அங்கையோ வேலை? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. சாமான் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "குளியலறைக்குள்ளை போகவே வறுத்த பயறு மணந்தது. கூடையைக் கவிழ்த்தது நான்தான். கூட வேலை செய்யிற பிள்ளை கார்டிலை இருந்த பேரைப் பாத்திட்டு, உன்ர நாட்டு ஆக்களோ, தெரியுமோ எண்டு கேட்டது. தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு இருக்க இடம் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"அண்டைக்கு உன்ர கார்டிலைதான் பஸ் ஏறி வீட்டை போனன். போற நாள் முழுக்க அது செல்லும். ஆக்கள் விட்டிட்டுப் போற கார்டிலைதான் நாங்கள் கனபேர் போறது. நீ சொன்னது சரிதான் தம்பி, சும்மா போகலாம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வெளியே வந்தது. அக்கா "ம்" என்றாள். பெட்டியைப் பூட்டினாள்.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று மூடி திறந்தபடி இருந்தது. அது நிறையப் பயத்தம் உருண்டை. என் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஜேர்மனியிலிருந்து இத்தனையையும் சுமந்து வந்திருக்கிறாள். இதில் ஒன்றை எடுத்து அவளுக்கு முன்னால் தின்றுவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. கையை நீட்டினேன்.

அக்கா என் கைக்கு முன்னால் மூடியைப் போட்டு, நாலு பக்கமும் அழுத்தினாள்.

"அது உனக்கில்லை, தம்பி. அறை கிளீன் பண்ண வாற பிள்ளைக்கு."

பயணப் பெட்டியை நான் தூக்க விடவில்லை, தானே இழுத்துக்கொண்டு நடந்தாள். விமான நிலையத்துப் பஸ்ஸில் போகிறேன், டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் துப்புரவுச் சாமான்கள் நிறைந்த வண்டிலோடு ஒரு பெண் நின்றாள். மகளின் வயதுதான் இருக்கும். அந்த உருண்டை எல்லாம் இவளுக்குத்தான் என்று நினைத்தபோது எனக்கு அவள்மேல் அப்படியொரு எரிச்சல் வந்தது. அவள் எங்கள் இரண்டு பேருக்கும் குட் மோர்னிங் சொன்னாள். அக்கா பதில் சொன்னாள். நான் சொல்லவில்லை.