துண்டு போட்ட இடம்

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்குப் போன முதல் குளிர்காலத்தில், ஒரு டிராமில் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது. டிக்கெட் மிஷின் அந்தக் கோடியில் இருந்தது. பாகூர் டவுன் பஸ்ஸில் வளர்ந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அந்த சீட்டில் வயதான அம்மணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் மஃப்ளர் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மடிக்கப்பட்டு அவர் கையில் இருக்கிறது. "ப்ரோஷே பானா, தோ பானா?" என்று சிரித்தபடி நீட்டினார். ஐயா, இது உங்களுடையதா என்று அர்த்தம். எனக்கு அப்போது போலிஷ் மொழியில் தெரிந்தது நன்றி ஒன்றுதான். என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவருக்கு இடுப்பை வளைத்து நன்றி சொல்லிவிட்டு, இறங்கும்வரை நின்றுகொண்டே போனேன். சீட்டில் கிடக்கும் துணி அவர்களுக்குத் தொலைந்துபோன பொருள். நமக்கு அது பட்டா.

போலந்து என்று சொல்லிவிட்டேன், ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். பாகூரில் யாரைக் கேட்டாலும் நான் பிரான்சில் இருப்பதாகத்தான் சொல்வார்கள். புதுச்சேரிக்காரன் கடல் தாண்டினால் பிரான்சில்தான் கரை ஒதுங்குவான் என்பது இங்கே சட்டம். என் அக்கா செல்வியின் கணவர் குமரவேல் மாமா பாகூர் கடைத்தெருவில் மோட்டார், பைப் வியாபாரம் செய்பவர், விவரமானவர். அவரிடம் ஒருமுறை வரைபடம் போட்டுக் காட்டியே விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, அது பிரான்ஸ்ல எந்தப் பக்கம்?" என்றார்.

அங்கே பகலில் ஒரு கம்பெனிக்கு வேலை. மிச்ச நேரத்தில் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். ஓப்பன் சோர்ஸ் என்பது பாகூர் ஏரி மாதிரி. யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம், தூர் வாரத்தான் ஆள் வராது. எங்கள் ஏரி மிகச் சின்னது. அசையும் படங்களைத் திறந்து காட்டும் ஒரு துண்டு நிரல், அவ்வளவுதான். ஆனால் அதை எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். தூர் வாருகிறவர்கள் இரண்டே பேர். நானும், அக்னியெஷ்கா என்கிற போலந்துக்காரியும். அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் முகத்தில் தெரியாது. எனக்குப் பயம் வந்தால் அடுத்த தெருவுக்கே தெரியும்.

இந்த முறை விடுமுறைக்குப் பாகூர் வந்து அக்கா வீட்டில் இறங்கிய மறுநாளே அந்த மின்னஞ்சல் வந்தது. யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் எங்கள் நிரல்மீது கந்தலான கோப்புகளை மூட்டை மூட்டையாக எறிந்து பார்த்திருக்கிறார். அதில் ஒன்று பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் விட்டுக்கொடுத்த இடத்தை மறுபடி தொடுகிற பிழை. பார்க்க அழகான படமாக இருக்கும்; திறந்த மாத்திரத்தில், திறந்தவரின் ஃபோனுக்குள் அனுப்பியவன் புகுந்துவிடலாம். வெள்ளிக்கிழமை இதை உலகுக்குச் சொல்லப்போகிறேன், அதற்குள் சரிசெய்யுங்கள், அதுவரை யாரிடமும் வாய் திறக்காதீர்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் ஃபோன் கிணுகிணுத்தது. அடுத்த அறையிலிருந்து அக்கா அனுப்பிய படம். ரோஜாப்பூ இதழ் இதழாக விரிந்து, நடுவில் 'இனிய காலை வணக்கம்' மின்னியது. அக்காவின் ஃபோனில் படம் காட்டும் செயலிக்குள் இருப்பது எங்கள் நிரல்தான். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தினம் ரோஜா அனுப்புகிறவள், தினம் ரோஜா வாங்குகிறவள். லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஒரு திருத்தம் எழுதி, பிழை இருந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சோதனையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஆராய்ச்சியாளர் தந்த கோப்பைத் திறந்தேன், நிரல் முடங்கவில்லை. வெற்றி என்று இரண்டு டம்ளர் காபி குடித்தேன். அக்னியெஷ்கா பார்த்துவிட்டு, இருமல் நின்றுவிட்டது, சளி அப்படியே இருக்கிறது என்கிற தோரணையில் பேசினாள். வீட்டுக்குள் சிக்னல் மந்தம், செய்தி வரும், வீடியோ வராது. கொல்லைப்புறத்தில் தென்னைமரத்தடியில் நின்றால்தான் அவள் முகம் தெரியும். அங்கே நின்றுகொண்டு ஆங்கிலத்தில் கத்தினேன். மெமரி கரப்ட் ஆகிவிட்டது என்றேன். சானிடைசர் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை என்றேன். சானிடைசர் என்பது எங்கள் தொழிலில் ஒரு காவல்காரன். விட்டுக்கொடுத்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை நட்டுவைத்து, யாராவது தொட்டால் கூச்சல் போடுவான். அக்காவுக்குத் தெரிந்த சானிடைசர் வேறு. துணி காயப்போட வந்தவள் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடா, மெமரி போச்சுங்குற, சானிடைசர் போட்டேங்குற. இன்னாத்தடா குடிச்ச?"

கம்ப்யூட்டர் மெமரி என்றேன். என்ன கோளாறு என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். அது உண்மைதான், ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. மாலைக்குள் அவள் சாட்சிகளைத் திரட்டிவிட்டாள். மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது. குடித்த காபியை மறுபடி கேட்டது. எல்லாவற்றுக்கும் மேல், சோறு போடவா என்று கேட்டதற்கு நான் லேப்டாப்பிலிருந்து தலையெடுக்காமல் 'தாக்' என்றது. போலிஷில் 'தாக்' என்றால் ஆமாம். அக்கா தாகம் என்று நினைத்து ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சோறு வரவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட்டதுகூட இவனுக்கு நினைவில்லை என்று மாமாவிடம் அழுதிருக்கிறாள். எனக்கு மறதியே இல்லை என்று நான் வாதாடியபோது மாமா நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"குடிகாரன் எவனாச்சும் குடிச்சேன்னு சொல்வானா மாப்ள? மறதிக்காரனுக்கு மறதி இருக்கறதே மறந்துடும்."

மறுநாள் காலை, பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரிக்கு என்னைப் பஸ் ஏற்றுவதாக முடிவாயிற்று. நானும் மறுக்கவில்லை. அங்கே சிக்னல் நன்றாக வரும் என்று கேள்வி.

பாகூரில் பஸ் வந்து நிற்பதற்குள் அக்கா என் தோளிலிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். குறி தப்பவில்லை. உள்ளே யாரோ அந்த சீட்டில் உட்காரப் போக, வெளியிலிருந்தபடியே "ஆள் வருது, ஆள் வருது" என்று குரல் கொடுத்தாள். வந்த ஆள் நான். வ்ரோத்ஸ்வாஃபில் எனக்காக இப்படி ஒரு குரல் என்றைக்குக் கேட்கப்போகிறது என்று நெகிழ்ந்தபடி உட்கார்ந்தேன். அக்கா எதிர்ப்பக்கம் பெண்கள் வரிசைக்குப் போய்விட்டாள். பாதி வழியில் ஒரு டீக்கடை நிறுத்தத்தில் பஸ் நின்றது. வியர்வை வழிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் ஃபோனில் செய்தி வந்ததற்கான சத்தம். செய்தி திறக்கவில்லை, சிக்னல் தேடி இறங்கினேன்.

அக்னியெஷ்கா எழுதியிருந்தாள்: 'உன் சோதனையைத் திருத்தம் செய்யாத பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் தேறுகிறது.'

இந்த ஒரு வரி எப்பேர்ப்பட்ட அவமானம் என்று வெளியாட்களுக்குப் புரியாது. நோயாளிக்கும் நலம், ஆரோக்கியமானவனுக்கும் நலம் என்று சொல்கிற ரத்தப் பரிசோதனை அது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். கால்களுக்கு இடம் தெரியும். கண்ணை எடுக்காமல் போய், உடம்பைத் திருப்பி, நிம்மதியாக உட்கார்ந்தேன்.

மெத்தென்று இருந்தது. கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. நான் உட்கார்ந்தது ஒரு பெரிய மீசைக்காரர் மடியிலிருந்த தக்காளிப் பையில்.

"இன்னா சார், ஆள் உக்காந்துகிறது தெர்ல?"

நான் இது என் சீட் என்று சொன்னேன். அந்த நிலையிலும், அவர் மடியில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"துண்டு கழுத்துல கீது, சீட்டு எப்டி சார் உன்னுது?"

பஸ் மொத்தமும் சிரித்தது. அக்கா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாள். எழுந்து நின்றேன், பேன்ட்டின் பின்பக்கம் தக்காளிச் சாறு வழிய. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எனக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. நான் செய்ததுதான் எங்கள் நிரலும் செய்கிறது. படத்தின் வண்ணங்களை வைக்க ஒரு இடம் பிடிக்கிறது. நடுவில் கந்தல் வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. ஆனால் அசையும் படத்தின் ஒவ்வொரு காட்சியும் 'மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்' என்று தன் பங்குக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இடம் போனதை என் திருத்தத்தில் நான் நிரலின் தலைவாசலில் மட்டும் சொன்னேன், காட்சிகளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த காட்சி நேராக வந்து அடுத்தவர் தக்காளியில் உட்காருகிறது. என் சோதனை ஏன் எப்போதும் தேறியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான் அதற்காக உண்டாக்கிய படத்தில் ஒரே ஒரு காட்சிதான். இறங்கியவன் திரும்பி வரவே இல்லை. திரும்பி வராதவன் எங்கே போய் யார் மடியில் உட்காருவான்? காவல்காரன் எப்படிக் கத்துவான்?

ஆஸ்பத்திரி வாசலில் என் பேன்ட்டைப் பார்த்த நர்ஸம்மா எங்களை அவசரப் பிரிவுக்கு ஓட்டினார். தக்காளி என்று நிரூபிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மறதி டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். வண்ணங்களின் இடத்துக்கு ஒரே ஒரு உரிமையாளர். கடைசிக் காட்சி இறங்கும்வரை துண்டை எடுக்கக் கூடாது. சோதனைப் படத்தில் இப்போது பல காட்சிகள். நடுவில் கந்தல், அதற்குப் பிறகு திரும்பி வருகிற ஒருவன். முதலில் பழைய நிரலில் ஓட்டினேன். காவல்காரன் ஊரைக் கூட்டினான். அவன் கத்தியது இவ்வளவு இனிமையாக என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. திருத்திய நிரலில் ஓட்டினேன். சத்தமே இல்லை. அக்னியெஷ்காவுக்கு அனுப்பிய நொடியில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. மூன்று வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சாதாரணமாக, இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஃபோனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். "வ்ரோத்ஸ்வாஃப்" என்றேன்.

அக்காவின் கை வாய்க்குப் போயிற்று. அது எங்கே இருக்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"பிரான்ஸ்ல இருக்குது டாக்டர். ஆனா அவன் இப்ப இங்கதானே இருக்கான்."

சுதாரித்துக்கொண்டு பிள்ளையார்குப்பம் என்றேன். சரி, வீடு எங்கே என்றார். இதற்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்று வார்த்தைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டதால் பிழைத்தேன். நினைவெல்லாம் நன்றாகவே இருக்கிறது, தூங்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் ஃபோனில் அக்னியெஷ்காவின் பதில், ஒரே வார்த்தை. நான் அதை வாய்விட்டே படித்துவிட்டேன்: "தாக்." அக்கா கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். குடித்தேன். உண்மையிலேயே தாகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை திருத்திய நிரல் வெளியாயிற்று, பிழையும் வெளியாயிற்று. அதற்குப் பிறகுதான் அக்காவை உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னேன். அவள் ஃபோனுக்கு எப்போது அப்டேட் வரும் என்று ஃபோன் செய்தவனுக்கே தெரியாது. அதனால் நானே உட்கார்ந்து, படம் காட்டும் செயலியை மாற்றிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப ரோஜாப்பூ அனுப்பலாமா?" என்பது. அனுப்புக்கா என்றேன். அவள் அடுத்த அறைக்குப் போனதும் என் ஃபோன் கிணுகிணுத்தது.

வ்ரோத்ஸ்வாஃபுக்குக் கிளம்பிய அன்றும் அதே துண்டை ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்துக் கொடுத்தாள். பஸ் பாதி காலி. எதற்குக்கா என்றேன். "ஏறி உக்காருடா. துண்ட மட்டும் எடுக்காத, சீட்டு பூடும்" என்றாள். எடுக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து போனேன். இறங்கும்போதுதான் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

நேற்று வ்ரோத்ஸ்வாஃபில் முதல் பனி. டிராமில் பையைத் திறந்து கையுறை தேடியபோது துண்டு வெளியே வந்து பக்கத்து சீட்டில் விழுந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வோல்னே?" என்று கேட்டார். காலியா என்று அர்த்தம். பதிலுக்கு 'தாக்' என்றால் முடிந்தது. இத்தனை வருடத்தில் நாக்கு அதற்கு நன்றாகவே பழகியிருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆள் வருது."

என்ன புரிந்ததோ, தலையசைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும், யாரோ ஏறப்போகிற மாதிரி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.