மில்லு சூப்பர்வைசரைத் திட்ட முடியாமப் போச்சு

வாடிப்பட்டிப் பக்கம் எம்மகன் மாரி வேலை பார்த்த நூல் மில்லை மூடிட்டாங்க. வெளிநாட்டு நூல் மலிவா வந்து எறங்குதாம், இனிமே கட்டுப்படியாகாதாம்.

வேலை போனவங்களுக்கு ஆரப்பாளையத்துல கவர்மெண்டு செலவுல பயிற்சி நடக்குது. தனியா விட்டா பாதி வழியிலயே எறங்கிருவான்னு இன்னைக்கு நானும் கூடவே பஸ் ஏறினேன்.

அங்க பாடம் எடுக்க வந்தவனைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன். எம்பேத்தி பொறந்த அன்னைக்கு மாரிகிட்ட தகவல் சொல்லப் போன என்னைய, ஷிப்டு முடியட்டும்னு கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்க வச்சவன். பேத்தி இப்ப காலேஜ் போறா. நான் மறக்கல.

"என்னய்யா, இங்கயும் வந்து உக்காந்துட்டியா?"ன்னு கேட்டேன்.

"நானும் போன பேட்ச்ல இதே பெஞ்சுல உக்காந்து படிச்சவன்தான் ஆத்தா"ன்னான்.

"படிச்சவங்களுக்கெல்லாம் வேலை கிடைச்சுச்சா?"

மாரி காதுல விழாம, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எனக்கு மட்டும் கிடைச்சுச்சு ஆத்தா. இந்த வேலைதான்."

இம்புட்டு வருசமா சேத்து வச்ச வசவு அம்புட்டும் தொண்டையிலயே நின்னுருச்சு. அந்தப் பக்கம் எம்மகன், நாப்பத்தாறு வயசுல, இன்டர்வியூவுல எப்படிச் சிரிக்கணும்னு எழுதிக்கிட்டு இருக்கான்.

இந்தச் சூப்பர்வைசர் மூஞ்சியாவது எனக்குத் தெரியும். மில்லை மூட வச்சவனை எங்க போயித் தேடுறது? வெலாசம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, வசவு அப்படியே இருக்கு.